கங்கையில் மறைந்த செல்வமும் கட்டளையாய் நிலைத்த செல்வமும்



பாடலி நகரில் நந்தர் குவித்த பெருஞ்செல்வம் கங்கை நீரின் அடியில் மறைக்கப்பட்ட செய்தியை மாமூலனார் அகநானூற்றில் குறித்துள்ளார். அச் செல்வம் யார்க்கும் பயன்படாமல் ஒழிந்தது. அதே பாடலியின் மண்ணை 1913-இல் அகழ்ந்து பார்க்கப் பொருள் வழங்கியவர் மும்பையில் வாழ்ந்த ஒரு பார்சியர். இரத்தன் டாட்டா என்பது அவர் பெயர். ஆண்டுக்கு 20,000 உருபா தருவதாக அவர் முன்வந்தார். தொல்லியல் துறையின் இசுப்பூனர் அகழ்ந்தார். வரிசை வரிசையாகத் தூண்கள் நின்ற பெருமண்டபம் ஒன்றன் அடையாளங்கள் வெளிப்பட்டன. அவற்றைக் கண்ட இசுப்பூனர், மோரியரே பாரசீக நெறியினர் என்று எழுதத் தலைப்பட்டார்! பார்சியர் பொருளால் அகழ்ந்தவர்க்குப் பாரசீகமே கண்ணிற் பட்டது போலும். அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை. அகழ்ந்தவர் பிழைக்குக் கொடுத்தவர் என் செய்வார்?

அந்தக் குடும்பத்தின் அறக்கொடையே இன்றைய பொருள். அதற்குமுன் ஒரு சொல்லை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 'டிரசுட்டு' என்று வாய்கூசாமல் வழங்குவதை 'அறக்கட்டளை' என்னும் தூய சொல் எவ்வளவு நிறைவாக உணர்த்துகின்றது! கோயில்களில் உச்சிக்காலக் கட்டளை என்றும், மடங்களில் கட்டளைத் தம்பிரான் என்றும் வழங்கும் சொல் அது. கொடுத்தவன் இன்ன செயலுக்கென்று கட்டளையிட்டுப் போகின்றான். அவன் மறைந்த பின்னும் அக் கட்டளை நடக்கின்றது. கொடுத்ததைத் திரும்பக் கொள்ளும் உரிமை அவனுக்கும் இல்லை. அவன் கால்வழியினர்க்கும் இல்லை. டாட்டா குடும்பத்தின் வரலாற்றை இச் சொல்லைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

குடும்பத்தின் முதல்வர் சம்செட்சி டாட்டா 1839-இல் நவசாரியில் பிறந்தவர். 1892-இல் அவர் வைத்த முதற்கொடை, உயர்கல்விக்கு அயல்நாடு செல்வோர்க்கான நிதி. அதனை இலவயமாகத் தரவில்லை; கடனாகத் தந்தார். கற்றுத் திரும்பியவன் அடைத்த பணத்தில் அடுத்தவன் கப்பலேறினான். முதலில் பார்சியர்க்கு மட்டும் என்றிருந்தது, 1894-இல் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. தம்மவர்க்கென்று தொடங்குதல் இயல்பு. இரண்டே ஆண்டில் வேலியை எடுத்தமையே பெருமை.

அடுத்து, அறிவியலுக்கென ஓர் உயராய்வு நிறுவனம் காண விரும்பிப் பதினான்கு கட்டடங்களையும் நான்கு நிலவுடைமைகளையும் ஒதுக்கினார். மதிப்பு 30 இலக்கம் உருபா. 1898 இறுதியில் அதற்கான குழுவினர் புதிதாக வந்திறங்கிய ஆளுநர் கர்சனைக் கண்டனர். இந்நாட்டில் அத்துணை உயர்ந்த கல்விக்கு மாணவர் கிடைப்பரா, கற்றபின் வேலை கிடைக்குமா என்று அவர் ஐயுற்றார்! ஆள்வோர் ஐயத்தில் ஆண்டுகள் கழிந்தன. 1904-இல் செருமனியில் சம்செட்சி உயிர்நீத்தார். ஒரு செங்கல்லும் எழக் காணவில்லை. மைந்தர் இருவரும் தந்தையின் சொல்லைத் தளரவிடவில்லை. மைசூர் அரசு 1907-இல் 371 ஏக்கர் நிலம் வழங்கிற்று. 1909-இல் ஒப்புதல் வந்தது. 1911-இல் முதல் மாணவர் சேர்ந்தனர். அந் நிறுவனத்தின் பெயரில் 'டாட்டா' இல்லை. ஆயினும், பெங்களூர் மக்கள் அதனை டாட்டா நிறுவனம் என்றே இன்றும் சொல்கின்றனர்.

இளைய மைந்தரே முன்சொன்ன இரத்தன். தமிழர் மறக்கலாகாத பெயர் அது. தென்னாப்பிரிக்கத் திரான்சுவாலில் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் சிறையை நிரப்பியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். நாகப்பன் 1909-இலும், நாராயணசாமி 1910-இலும், தில்லையாடி வள்ளியம்மை 1914-இலும் அப் போரில் உயிர் ஈந்தனர். போராட்டம் பொருளின்றித் தத்தளித்த 1909-இல், கோகலே வழியாக 25,000 உருபா அனுப்பினார் இரத்தன். பின்னும் பின்னும் அனுப்பியவற்றோடு அது 1,25,000 உருபா ஆயிற்று. தமிழறியாத ஒருவர், தாம் கண்டறியாத தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பெரியக் கொடுத்த பொருள் அது! 1918-இல் தம் 47-ஆம் அகவையில் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் அறக்கட்டளை எழுந்தது.

மூத்தவர் தோராப்சி. இரும்பாலையைக் கட்டி எழுப்பியவர் அவரே. 1924-இல் ஆலை நொடிக்கும் நிலை வந்தபோது, தம் உடைமைகளோடு மனைவி மெகர்பாயின் அணிகலன்களையும் வைப்பகத்தில் அடகு வைத்தார். அவற்றுள் ஒன்று 245 காரட்டு எடையுள்ள வயிரம். இன்றைய கோகினூரினும் இருமடங்கிற்கு மேற்பட்டது. ஆலை பிழைத்தது, வயிரமும் மீண்டது. ஆயின் அதனை அணிய வேண்டிய அம்மையார் மீளவில்லை. 1931-இல் குருதிப் புற்றுநோய் அவரைக் கொண்டது.

மக்கட்பேறு இல்லை, துணையும் இல்லை. 1932 மார்ச்சுத் திங்களில் தம் செல்வம் முழுவதையும், ஏறத்தாழ ஒரு கோடி உருபா மதிப்புடையதனை, அணிமணிகளோடு அறக்கட்டளைக்கு எழுதினார் தோராப்சி. இடம், இனம், மதம் என்னும் எவ் வரம்பும் அம் முறியில் இல்லை. மனைவியின் பெயரால் வேறோர் அறக்கட்டளையும் வைத்தார். அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு, எந்நாட்டவராயினும் குருதிப் புற்றுநோயை ஆராய்வோர்க்கு. தம்மை வருத்திய நோயை உலகினின்றே ஓட்டக் கருதிய துயரம் அது. அடுத்த சூன் திங்களில், இங்கிலாந்திலுள்ள மனைவியின் கல்லறையைக் காணச் செல்லும் வழியில், செருமனியில் அவர் உயிர் பிரிந்தது. அக் கல்லறையருகிலேயே அவரும் அடக்கமானார். வயிரம் பின்னர் விற்கப்பட்டு, அதன் விலையும் அறத்தில் கலந்தது.

அப் பொருளால் 1936-இல் குமுகப் பணிக் கல்விக்கூடமும், 1941-இல் மும்பைப் புற்றுநோய் மருத்துவமனையும், ஓமி பாபாவின் மடலை ஏற்று 1945-இல் அடிப்படை அறிவியல் ஆய்வுக் கழகமும் தோன்றின. மருத்துவமனையை 1957-இல் நடுவணரசிடம் ஒப்படைத்துவிட்டனர். கட்டியவர் கையிலேயே இருந்தால்தான் அறம் என்று அவர் கருதவில்லை. பள்ளிக்கு ஒரு பலகை கொடுத்துவிட்டு அப் பலகை முழுதும் தம் பெயரை எழுதுவோர் இதனைக் கேட்க வேண்டும்!

குறையே இல்லையோ எனின், உண்டு. டாட்டா குழுமத்தின் தலைமை நிறுவனத்தில் ஏறத்தாழ 66 விழுக்காட்டுப் பங்கு இவ் அறக்கட்டளைகளுடையது. பங்கின் ஈவு அறத்திற்குச் செல்கின்றது. அப் பங்கினால் வரும் ஆட்சியோ அறங்காவலர் கையில் நிற்கின்றது. ஆகவே வணிகமும் அறமும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டுள்ளன. 2010-இல் அறக்கட்டளைகளும் குழும நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்க ஆர்வர்டு வணிகப் பள்ளிக்கு 5 கோடி தாலர் கொடுத்தன. எழுத்தறியாச் சிற்றூர்கள் ஈண்டு மலிந்திருக்க, பொருள் கொழித்த பள்ளிக்கு ஏன் கொடை என்று பலர் வினவினர். வினவியது முறையே. வரம்பற்ற முறி நல்லோர் கையில் ஆறு. அயர்ந்தால் எங்கும் பாயும்.

இரத்தனுக்கும் மக்களில்லை. அவர் மனைவி நவாச்பாய், கணவர் மறைந்தபின், பார்சியரின் பெற்றோரில்லாப் பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்த நவல் என்னும் சிறுவனை மகனாக ஏற்றார். தொலைவுறவினன் அவன், உண்ணவும் உடுக்கவும் பிறர் கொடையையே நம்பியிருந்தவன். அந் நவலின் மகனே, பாட்டனார் பெயர் தாங்கி அறக்கட்டளைகளுக்குத் தலைமை பூண்டு 2024 அத்தோபரில் மறைந்த இரத்தன் டாட்டா. இரு நாள் கழித்து அவருக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி நோயல் தலைவரானார். அவரைத் தேர்ந்தவர்கள் அறங்காவலர்களே. அறங்காவலர்களைத் தேர்பவர்களும் அவர்களே.