நிழலைப் படிக்கும் கல்வி
(பென்னாகரம் கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் தருமபுரிக்கு ஓடுகிறோம். மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அந்தக் கருவியைப் படைத்தவர் யார் என்று என்றாவது கேட்டோமா? கணக்கும் பொறியியலும் படித்தவர்கள்!

எக்ஸ்ரே தருவது நிழல்தான். பல திசைகளில் எடுத்த நிழல்களைக் கொண்டு உடலின் உள்ளே இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டுவதே சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபரில் லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த ஜி.என். இராமச்சந்திரன், அதே ஆண்டில் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, அந்தக் கணக்கை விரைவாகச் செய்யும் வழியை வெளியிட்டார். 'ராம்-லாக்' என்று இருவர் பெயராலும் அது இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

அந்தப் பாதையில் இன்று நடப்பவர் சென்னை ஐ.ஐ.டி.யின் மின்பொறியியல் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். கிராமத்திற்கே சென்று கண்புரை அறுவை செய்யும் வாகனத்தை அவரது மையம் சங்கர நேத்ராலயாவுடன் இணைந்து உருவாக்கியது. கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் உலகுக்கே இலவசமாகத் தந்தது அவரது குழு.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறியைக் கணினியே தேடிச் சொல்வதை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. வணிகர்களே, கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் சரக்கைப் பார்த்துப் பார்த்துத் தரம் பிரிக்கப் பழகுகிறான் அல்லவா? கணினியும் அப்படித்தான். காட்டாத சரக்கில் அவன் தடுமாறுவான். காட்டாத மக்களின் படத்தில் அதுவும் தடுமாறும். அதற்குப் பாடம் சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டாமா?

ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதாலேயே பார்க்கிறோம் என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியவர் இப்னுல் ஹைதம். மேடைதோறும் அவர் பெயரைச் சொல்கிறோம். இறங்கி வந்ததும், கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த மகனைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். மகளின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துகிறோம். இது நியாயமா?

போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் தமிழகத்தில் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, நுழையக் கணக்கு வேண்டும். எனவே ஒரு கோரிக்கை: வசதியுள்ள வணிகர் ஒவ்வொருவரும் ஒரு மாணவனையோ மாணவியையோ பொறியியல் முடியும்வரை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே, கணக்கைக் கண்டு அஞ்சாதீர்கள்.

நாளை நம் தாயின் ஸ்கேன் படத்தைத் தெளிவாக்கும் கை, இந்த ஊர்ப் பிள்ளையின் கையாக இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ்.