ஒன்றரை நிமிடப் பாட்டு

(யூபிலி பொதுக்கூட்டத்தில் பங்குப் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பாடுவதுதான் எங்கள் பணி. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆகவே ஒரு பாட்டைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

நம் திருவிழாக் காலங்களில் பாட்டுப் போட்டி வைப்பதைப்போல, ஐரோப்பிய நாடுகளுக்கிடையே 1956-ம் ஆண்டில் தொடங்கிய பாட்டுப் போட்டி ஒன்று உண்டு. யூரோவிஷன் என்பது அதன் பெயர். நாட்டுக்கு ஒரு பாட்டு. எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பளபளக்கும் உடைகளுக்கும் வண்ண விளக்குகளுக்கும் அங்கே குறைவே இராது.

2015-ல் அப்போட்டி ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் நடந்தது. பாலங்கள் கட்டுவோம் என்பதே அவ்வாண்டின் முழக்கம். மே 19-ம் நாள், முதல் அரையிறுதிச் சுற்றில், பின்லாந்து நாட்டின் சார்பாக நான்கு பேர் மேடையேறினார்கள். கிதார் வாசித்தவர் பெர்த்தி குரிக்கா. பாடியவர் காரி ஆல்டோ. பேஸ் கிதார் சாமி ஹெல்லே. டிரம்ஸ் தோனி வாலித்தலோ. நால்வருமே அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்கள். அவர்கள் பாடிய பாட்டு 87 வினாடிதான். அதற்கு முன் அவ்வளவு சிறிய பாட்டு அந்தப் போட்டிக்கு வந்ததே இல்லை!

இப்படிப்பட்டவர்களுக்காக ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒரு பயிற்சிக் கூடத்தில் 2009-ல் பிறந்தது அக்குழு. அவர்கள் எடுத்துக்கொண்ட இசை 'பங்க்' இசை. நமது பங்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்! அது கோபத்தைக் கூச்சலாகவே கொட்டும் முரட்டு இசை. குழுவின் பெயரோ நமக்கு நெருக்கமானது. 'பெர்த்தி குரிக்காவின் பெயர்த் திருநாள்' என்று பெயர் வைத்தார்கள். புனிதர்களின் நாட்காட்டியிலிருந்து வந்த பெயர்த் திருநாள் வழக்கம், லூத்தரன் சபையினர் மிகுந்த பின்லாந்தில் இன்றும் வாழ்கிறது.

பாட்டின் பொருள் என்ன? 'எப்போதும் நான் செய்தாக வேண்டும்' என்பது தலைப்பு. வீட்டைக் கூட்டு, பாத்திரம் கழுவு, வேலைக்குப் போ, டாக்டரிடம் போ என்று நாள் முழுதும் கட்டளை. மிட்டாய் கூடாது, டெலிவிஷன் கூடாது, நண்பர்களைப் பார்க்கக் கூடாது என்று நாள் முழுதும் தடை. அவ்வளவுதான் பாட்டு. சோகக் கதை இல்லை, கண்ணீர் இல்லை. பிறர் போட்ட அட்டவணைக்குள் வாழ்கிற மனிதனின் எரிச்சல் மட்டுமே இருக்கிறது.

தாய்மார்கள் கேட்கலாம்: 'நாங்கள் அன்பில்லாமலா கண்டிக்கிறோம்? இனிப்பைக் கேட்டபடி கொடுத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?' நியாயமான கேள்விதான். இரவு பகல் பாராமல் கவனித்துக்கொள்ளும் உங்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். நாற்பது வயதானவரையும் நாம் 'பாப்பா' என்றுதான் அழைக்கிறோம். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, 'தம்பி சாப்பிட்டானா?' என்று அவருடைய அம்மாவிடம் கேட்கிறோம். எந்தச் சட்டை போட வேண்டும், எந்தத் திருப்பலிக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் நாமே தீர்மானிக்கிறோம். சோறு போட மறக்காத நாம், அவருடைய விருப்பத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். அன்பும் அதிகாரமாக மாறக்கூடும் என்பதையே அந்தப் பாட்டு நமக்குக் காட்டுகிறது.

பரிதாபப்பட்டு எங்களுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று சாமி ஹெல்லே போட்டிக்கு முன்பே சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. பதினாறு நாடுகள் பாடிய சுற்றில் அவர்களுக்குக் கிடைத்தது 13 புள்ளி, கடைசி இடம். இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்பிவைப்பதுதானே நம் வழக்கம்! அவர்களோ மற்ற போட்டியாளர்களைப்போல் பாடினார்கள், மற்றவர்களைப்போலவே தோற்றார்கள். அதுவும் ஒரு மரியாதையே.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாழ்வைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையைச் சொல்லும் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கை 2006-ல் உருவானது. நம் இந்தியா 2007-லேயே அதை ஏற்றது. பின்லாந்து 2007-ல் கையெழுத்திட்டும், முறைப்படி ஏற்றது 2016 மே மாதத்தில்தான். அவ்வாண்டின் இறுதியில் பெர்த்தி குரிக்காவுக்கு அறுபது வயது நிறைந்தது. உழைத்தவர் எல்லோரையும்போல அவரும் ஓய்வு பெற, குழு கலைந்தது.

நாடு கையெழுத்திட்டது வீட்டுக்கு வந்து சேர வேண்டாமா? எங்களால் இயன்ற சிறு காரியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். நம் பங்கில் இத்தகைய சகோதர சகோதரிகள் யாராயினும் பாடகர் குழுவில் சேரலாம். ராகம் பிசகினால் மற்றவர்களுக்குச் சொல்வதைப்போலவே அவர்களுக்கும் சொல்லிக்கொடுப்போம். பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: நீங்களாகவே பெயர் கொடுத்துவிடாதீர்கள். பாட விருப்பமா என்று முதலில் அவர்களையே கேளுங்கள். 'இல்லை' என்று சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.