ஏர் பிடித்து அவை ஏறியவர்



முடி தரித்தோர் கதைகளை நிரம்பக் கேட்டுவிட்டீர்கள். இன்று ஓர் உழவனின் கதை கேளுங்கள். கனடாவிலே, ரெட் ஆற்றங்கரையிலே, செயின்ட் போனிபாஸ் எனும் ஊரிலே, 1837-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் மாக்சீம் லெப்பீன். தந்தையர் வழிப் பிரெஞ்சு மொழியும், தாயர் வழிப் பழங்குடிக் குருதியும் கலந்த மெத்தி இனத்தவர்.

ஆற்றிலிருந்து நாடா விரித்தாற்போல் நீண்டு கிடக்கும் அம்மக்களின் நிலங்கள். வீட்டுக்கு வீடு ஆற்றுநீர். கூப்பிடு தொலைவில் அண்டை வீடு! 1869-இல் அளவைச் சங்கிலியோடு வந்தனர் அரசாங்கத்தார், சதுரம் சதுரமாகக் கூறுபோட. உழுதவனைக் கேட்டார்களா? கேட்கவில்லை. லூயி ரியெலும் தோழர்களும் அச்சங்கிலியை மிதித்து நின்றனர். அந்த எதிர்ப்பின் விளைவே 1870-ஆம் ஆண்டு மானிடோபாச் சட்டம்: மெத்திக் குழந்தைகளுக்கு 14 இலட்சம் ஏக்கர், சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுக்கு இடம்.

ஏட்டிலே தந்தனர், கையிலே தந்தனரா?

1874-ஐப் பாருங்கள். ரியெலின் தற்காலிக அரசு நிறைவேற்றிய ஒரு மரணதண்டனைக்காக, தம்பி அம்ப்ருவாசுக்குத் தூக்குத் தீர்ப்பு! அதே ஆண்டிலே அண்ணன் மாக்சீமை மாகாணச் சட்டமன்றத்துக்கு அனுப்புகிறார்கள் மக்கள்! (தம்பியின் தண்டனை மறு ஆண்டு ஈராண்டுச் சிறையாயிற்று.) வாக்கின் வலிமையை நம்பி 1878 வரை அவையில் அமர்ந்தார் அண்ணன். வெளியிலோ, நில வழங்கல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தரகர்கள் உரிமைச் சீட்டுகளை அற்ப விலைக்கு அள்ளினர். குடியேறியோர் பெருக, மண்ணின் மக்கள் சிறுபான்மையாயினர்.

1880-களின் தொடக்கத்தில் மேற்கே, சஸ்காட்சுவான் ஆற்றங்கரைக்குப் பெயர்ந்தார். அங்கும் அதே நாடா நிலம், அதே சதுர அளவை, அதே விண்ணப்பம், அதே மௌனம்! 1885 மார்ச்சில் ரியெல் அமைத்த ஆட்சிக் குழுவில் உறுப்பினரானார். மே 9 முதல் 12 வரை பட்டோஷில் போர், தோல்வி, நீதிமன்றம், ஏழாண்டுச் சிறைத் தீர்ப்பு.

அவையில் அமர்ந்தவர் ஆயுதப் போரில் சேரலாமா என்பாருண்டு. துப்பாக்கியை நான் போற்றவில்லை. ஆனால் விண்ணப்பங்களுக்குக் கதவடைத்தவர் எவர் என்பதையும் அவர்கள் கேட்கட்டும்.

ரியெல் 1885 நவம்பர் 16-இல் தூக்கிலேற்றப்பட்டார். லெப்பீன் மறு ஆண்டு விடுதலையானார், 1897-இல் மறைந்தார். அந்த 14 இலட்சம் ஏக்கர் வழங்கலில் அரசு தன் கடமையினின்று வழுவியது என்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 143 ஆண்டுகள் கழித்து, 2013-இல்!