தர்ஜினியின் உயரமும் எங்கள் பிள்ளைகளும்

(நயினாதீவில் நடைபெற்ற நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சுகாதாரம் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்றுதான் சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். நான் ஒரு வலைப்பந்தாட்ட வீராங்கனையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் சுகாதாரம்தான் என்று கடைசியில் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் தன் மகளை என்னிடம் கூட்டி வந்தார். பிள்ளைக்குப் பதினான்கு வயது. தோளை முன்னுக்கு வளைத்து, தலையைக் குனிந்தபடி இருந்தாள். காய்ச்சலோ தலையிடியோ என்று நினைத்தேன். தாய் கேட்டது வேறு. "டொக்டர், இவள் இனி வளராமல் இருக்க ஏதும் குளிசை இருக்கோ? இப்பவே தகப்பனைவிட உயரம். நாளைக்கு ஆர் கட்டுவினம்?"

அந்தக் கேள்வி என்னை இந்தப் பாடசாலை மைதானத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தது. எங்கள் வகுப்பிலும் உயரமான ஒருத்தி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் எங்கள் அணிக்குக் கோல் போட்டவள் அவள்தான். நாங்கள் அவளைப் 'பனை' என்று கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டவள்தான். பத்தாம் வகுப்பில் அவள் விளையாட வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் ஒருவரும் போய்க் கேட்கவும் இல்லை.

இனி தர்ஜினி சிவலிங்கத்திடம் வருகிறேன். வலிகாமத்தில், புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினையைச் சேர்ந்தவர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உயரம் 2.08 மீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். உயரத்துக்காகக் கேலிப்பேச்சுக் கேட்டு வளர்ந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்கள் வகுப்புத் தோழி விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், வளையத்துக்குக் கீழே, அவர் நின்றுகொண்டார்.

தங்கைமாருக்காக ஒரு விளக்கம். கூடைப்பந்தாட்டத்தை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கினார். அதிலிருந்து இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளில் பிறந்ததுதான் எங்கள் வலைப்பந்தாட்டம். இரண்டிலும் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் எங்களுடையதில் பின்னால் பலகை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. மூன்று விநாடிக்குள் கைமாற்ற வேண்டும். ஏழு பேரில் இருவர்தான் கோல் போடலாம். தடுப்பவர் குறிப்பிட்ட தூரம் தள்ளித்தான் நிற்கலாம். தர்ஜினி கையை உயர்த்தினால் வளையத்துக்கும் கைக்கும் இடையில் ஒரு முழம்கூட மிஞ்சாது. அந்த உயரத்தில் வரும் பந்தைத் தட்டிப் பறிப்பது மிகக் கடினம்.

2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து 2018இல், சதுரங்கி ஜயசூரிய தலைமையில் சிங்கப்பூரில் மீண்டும் வென்றபோதும் இருந்தார். 2022இல் மறுபடியும் வென்றார். எங்கள் நாட்டில் இந்த விளையாட்டை மட்டும் நம்பி ஒரு பெண் சீவிக்க முடியாது. வங்கிகளும் நிறுவனங்களும் வேலை கொடுத்துத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளும். தர்ஜினியும் அப்படி ஒரு வங்கி அணிக்கு ஆடியவர்தான். பின்னர் அவுஸ்திரேலியா சென்று கழகங்களுக்கு ஆடினார்.

இந்த இடத்தில் மருத்துவராக ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதே அவுஸ்திரேலியாவில், 1950களின் கடைசியிலிருந்து பல ஆண்டுகளாக, உயரமான பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சியை நிறுத்தவென்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோனைக் கூடிய அளவில் கொடுத்தார்கள். காரணம் நோய் அல்ல. அந்தத் தாய் என்னிடம் கேட்டதே காரணம்: கலியாணம் நடக்குமோ என்ற பயம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெண்களான பின் ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்குக் கருத்தரிப்பது கடினமாக இருந்தது தெரியவந்தது. கலியாணத்துக்காகக் கொடுத்த மருந்து பிள்ளைப்பேற்றைப் பாதித்தது.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில், குளிசை வேண்டாம் என்பதே. அரிதாகச் சிலருக்கு உயரத்தோடு மார்ஃபான் என்ற நிலை இருக்கலாம். அதனால் கைவிரல்களைப் பார்த்தேன். கண்ணையும் இதயத்தையும் பரிசோதிக்க ஒழுங்கு செய்தேன். ஒரு குறையும் இல்லை. பெரியபிள்ளையான பிறகு பெண் பிள்ளைகளின் வளர்ச்சி தானாகவே குறைந்து நின்றுவிடும் என்றும் விளக்கினேன்.

தர்ஜினியின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 300க்கு மேற்பட்ட கோல்களைப் போட்டார். அந்தத் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான். ஆனால் 16 நாடுகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆம் இடம். வளையத்தடியில் எவ்வளவு திறமையானவள் நின்றாலும், பந்து அவள் கைக்கு வந்துசேர மற்ற ஆறு பேரும் வேண்டும்.

அந்த ஆறு பேரும் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிக்குப் போவதென்றால் விடிய வள்ளமேறி, குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் தாண்டிப் பஸ்ஸில் போக வேண்டும். திரும்ப வள்ளம் கிடைக்குமோ என்ற பதைப்பில் எத்தனை தாய்மார் "போகவேண்டாம்" என்கிறார்கள்! யாழ்ப்பாணத்தில் வீடுள்ள அக்காமார் ஓர் இரவு தங்க இடம் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாம். குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கி இறங்கப் பழக்கக்கூடிய பயிற்றுநர் ஒருவரை ஒழுங்கு செய்யலாம். அதில் பிழைத்தால் முழங்கால் நாண் அறுந்து, ஓர் ஆண்டு விளையாட்டே போய்விடும். பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பெரியபிள்ளையானதும், உயர்தரம் வந்ததும் பிள்ளையை மைதானத்திலிருந்து மறிக்காதீர்கள். எலும்பு பலப்படும் வயது அது.

மாணவிகளே, உங்கள் அணியில் உயரமானவளுக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். அவளுக்குப் பந்தைக் கொடுங்கள். நாங்கள் செய்யாதது அது.

அன்று கிளினிக்கில் தர்ஜினியின் படத்தை என் போனில் எடுத்து அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தாள். "இவவும் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாள். "ஓம், எங்கட பக்கந்தான்" என்றேன். போகும்போது உயரம் அளக்கும் கோலில் இன்னொரு முறை ஏறி நிற்கச் சொன்னேன். முதல் அளந்ததைவிட இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக இருந்தது. வளர்ந்துவிடவில்லை, நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான்.