முத்திரை மட்டும் போதாது!

(கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மலையகத்திலே கொழுந்து பறிக்கும் தாய்க்கும், கடல் கடந்த நாட்டிலே தேநீர் அருந்துபவருக்கும் இடையே எத்தனை கைகள்! அக்கைகள் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்த பின்னர் எஞ்சுவதே உழைத்தவளுக்குக் கிடைக்கின்றது. இவ்வநீதியைத் திருத்த எழுந்த முறைகளுள் ஒன்று நியாய வணிகச் சான்று. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

மெக்சிக்கோ நாட்டின் ஒவாக்சாக்கா மலைகளில் பழங்குடிக் கமக்காரர் விளைவித்த கோப்பியை இடைத்தரகர் அற்ப விலைக்கு வாங்கி வந்தனர். அத்தரகரை மக்கள் 'கொயோட்டே' என அழைத்தனர். அது ஒருவகை ஓநாயின் பெயர். கமக்காரர் ஒன்றுகூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அவர்களுடன் வாழ்ந்த ஒல்லாந்துப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹொவ், நிக்கோ ரோசன் என்பவருடன் சேர்ந்து 1988ஆம் ஆண்டில் 'மக்ஸ் ஹவலார்' முத்திரையை ஒல்லாந்தில் தொடக்கினார். கமக்காரர் வேண்டியது தருமம் அன்று; நியாயமான விலை!

முத்திரையின் விதிகள் எளியவை. சந்தை விழுந்தாலும் குறித்த விலைக்குக் கீழே வாங்கலாகாது. சந்தை உயர்ந்தால் உயர்ந்த விலையே கொடுக்கவேண்டும். அதற்கு மேலாக ஒரு நலத்தொகையும் செலுத்தவேண்டும். 2001ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை இறாத்தலுக்கு 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே வீழ்ந்தது. அப்பொழுது சான்றுபெற்ற சங்கங்கள் முத்திரையுடன் விற்ற உயர்தரக் கோப்பிக்கு நலத்தொகையுடன் 126 சதம் பெற்றன. பட்டினிக்கும் வாழ்வுக்கும் உள்ள வேற்றுமை அதுவே.

தேயிலைத் தோட்டங்களிலோ நலத்தொகை நிருவாகத்தின் பைக்குள் போகலாகாது. தொழிலாளர் தெரிந்தெடுத்த குழுவே அதைப் பள்ளிக்கா, வீட்டுக்கா, வைத்தியத்துக்கா செலவிடுவதென்று முடிவு செய்யவேண்டும். துரையின் தயவை எதிர்பார்த்து நின்றவர் கணக்குக் கேட்கும் உரிமை பெறுகின்றார். இது சிறிய காரியமா?

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. முத்திரையோடு விற்கும் அளவுக்கே நலத்தொகை வரும்; சான்றுபெற்ற தோட்டங்கள் பலவற்றின் தேயிலையிற் பெரும்பகுதி சாதாரணச் சரக்காகவே விலைப்படுகின்றது. நாட்சம்பளத்தையும் முத்திரை உயர்த்தி விடுவதில்லை. 2021ஆம் ஆண்டில் நம் தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் வந்தது முத்திரையாலன்று. பல்லாண்டுப் போராட்டத்தாலும் சம்பள நிர்ணய சபையின் தீர்மானத்தாலுமே வந்தது.

இன்னுமொரு கொடிய பாடம் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் கராச்சி நகரத்து ஆடைத் தொழிற்சாலையொன்று தீப்பற்றி எரிந்தது. வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன, யன்னல்களுக்கு இரும்புக் கம்பி. 250 பேருக்கு மேல் மாண்டனர். அத்தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் வேறொரு சான்று, 'எஸ். ஏ. 8000' என்னும் தொழிலாளர் நலச் சான்று, வழங்கப்பட்டிருந்தது! தொழிலாளரின் குரல் இல்லாத இடத்தில் சான்று வெறுங்காகிதம்.

மறு ஆண்டு வங்காள தேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1100 பேருக்கு மேல் இறந்தனர். அதன்பின் ஐரோப்பிய நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களோடு சட்டம் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்தன. வாக்குறுதியை மீறினால் வழக்கு! சட்டம் பயின்ற நான் இதனையே வலுவுள்ள முத்திரை என்பேன்.

ஆகவே, முத்திரையைத் தள்ளவும் வேண்டாம்; தொழவும் வேண்டாம். சான்று தேடிவரும் எவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். குழுவைத் தெரிந்தவர் யார்? முத்திரையோடு விற்றது எவ்வளவு? நலத்தொகையின் கணக்கு எங்கே?

தனித்து நிற்கும் கமக்காரன் இக்கேள்விகளைக் கேட்டால் தரகன் சிரிப்பான். சங்கமாகத் திரண்டு கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். கற்றவர்களே, கணக்குகளை வாசித்து உதவுங்கள். உழைப்பவர்களே, ஒன்றுசேருங்கள். ஒவாக்சாக்காவிலே முதலில் வந்தது சங்கம். முத்திரை அதன் பின்னரே வந்தது. இதை மறவாதீர்கள்.