மண்குவளைத் தேத்தண்ணி
(மாத்தளையில் நடந்த தோட்ட இளைஞர் விளையாட்டு விழாவில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்துப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தோம். இடைவேளையில் எல்லோரும் ஒரே வாளித் தேத்தண்ணியைக் குடித்தோம். அப்படிக் குடிக்க முடியாமல் இருந்த ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. 1876இல் இந்தியாவின் தார்வாட்டில், தோல் தொழில் செய்த சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் மைதானம் கூட்டுவதும் ரோலர் இழுப்பதும் அவருடைய முதல் வேலை. மாதம் 3 ரூபா சம்பளம். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபா. அங்கே துரைமார் பயிற்சி எடுக்க மணிக்கணக்காகப் பந்து போட்டார். கிரேக் என்ற துரை, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தாராம். ஆனால் பாலுவின் கையில் துடுப்பை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. துடுப்புப் பிடிப்பது துரைமார் காரியம், வேர்க்க வேர்க்கப் பந்து போடுவது வேலையாள் காரியம். கொழுந்து கிள்ளும் நமக்கு இந்தக் கணக்கு புதிதா?

வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பூனா இந்துக்களின் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் வீசிவிடும் மண்குவளையில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் தனித் தட்டு. பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் மட்டும் எப்படி ஒட்டியது?

விக்கெட்டுகள் விழ விழத்தான் அந்தக் கோப்பை மெல்ல மாறியது. 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது பந்துவீச்சில் பாலுவின் பங்கு பெரியது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி 15 ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார்.

இவ்வளவுக்கும் பிறகும் தலைமைப் பதவி அவருக்கு வரவில்லை. 1920இல் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. தலைமை வேறொருவருக்குப் போனது. அப்போது தம்பிமார் சிவராமும் விட்டலும் விளையாட மறுத்து, அதன் காரணத்தை அறிக்கையாகவே வெளியிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் அது வேலைநிறுத்தம். அடுத்த ஆட்டத்துக்கு மூவரும் திரும்பினார்கள், பாலு உப தலைவராக. தலைவர் பாய் கொஞ்ச நேரம் மைதானத்தை விட்டு வெளியே போய், பாலு தலைமை தாங்க வழிவிட்டார். 1923இல் விட்டலே தலைவர். அந்த வருஷம் கோப்பையும் அவர்களுக்கே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1937 பம்பாய்த் தேர்தலில் பாலு காங்கிரஸ் வேட்பாளராக டொக்டர் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போனதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பினத்தவர் பேஸ்போல் ஆடத் தனி அணிகள், தனி லீக். ஜாக்கி ரொபின்சன் 1947 ஏப்ரலில் பெரிய லீக்கில் இறங்கினார். மகா துடுப்பாட்டக்காரர் ஜோஷ் கிப்சன் அதே வருஷம் ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். 2024இல்தான் அவருடைய துடுப்பாட்டச் சராசரியைப் பெரிய லீக் புத்தகத்தில் சேர்த்து, முதலிடம் கொடுத்தார்கள். 77 வருஷம் கழித்து!

நமக்கு முரளிதரன் இருக்கிறார். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். கண்டி பஸ்ஸில் ஏறினால் கட்டுகஸ்தோட்டையில் அவர் படித்த பாடசாலை இருக்கிறது. 800 டெஸ்ட் விக்கெட். அதைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், நம் லயத்துக்குள்ளும் பார்க்க வேண்டாமா? சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்த காலத்தைச் சொல்லும் பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். போன வருஷம் ஒரு தோட்டத்தில், அதிக விக்கெட் எடுத்த பையன் எந்த வரிசை லயத்துக்காரன் என்று பார்த்துத் தலைமையை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

அதனால் இந்த வருஷம் முதல் அணித் தலைவரை ஆட்டக்காரர்களே இரகசிய வாக்கில் தெரிவு செய்வார்கள். பெரட்டுக் களத்தில் யாரும் பெயர் சொல்லி நியமிக்கக் கூடாது. சீட்டும் பேனாவும் அந்த மேசையில் இருக்கின்றன. இறுதி ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவராகப் போய் எழுதிப் போடுங்கள், தம்பிமாரே.