மாநகரத்தில் ஒரு மாதச் சம்பளம்

குடும்பத்தில் பணம் குறைந்தால் பூசல் எழும் என்பது யாவரும் அறிந்ததே. பணம் வந்து சேரும் வழி மாறினாலும் பூசல் எழும். அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கணவன் கொண்டுவந்த சம்பளத்தில் அரைவயிறு உண்டு அமைதியாக இருந்த வீடு, மனைவியும் சம்பாதிக்கத் தொடங்கி வயிறு நிறைந்த பிறகு அமைதி இழந்ததுண்டு. லேக் மார்க்கெட்டிலும் மாட்டுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

இந்தப் பொருளைச் சத்யஜித் ராய் 1963-ஆம் ஆண்டில் 'மகாநகர்' என்னும் வங்கப் படமாக எடுத்தார். நரேந்திரநாத் மித்ரா எழுதிய 'அவதரணிகா' என்ற கதை அதற்கு மூலம். மறு ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருது ராய்க்குக் கிடைத்தது.

கதை நிகழ்வது ஐம்பதுகளின் கல்கத்தாவில். சுப்ரதோ ஒரு சிறிய வங்கியில் குமாஸ்தா. மனைவி ஆரதி, மகன், தங்கை, தாய், தந்தை ஆகிய அனைவரும் ஒரே வருமானத்தை நம்பி நெருக்கமான வீட்டில் வாழ்கின்றனர். கிழக்கு வங்கத்துப் பப்னா அவர்கள் பூர்விகம். ஓய்வு பெற்ற ஆசிரியரான தந்தைக்குப் புதிய மூக்குக்கண்ணாடி வேண்டும். மகனால் அதை வாங்கிக் கொடுக்க இயலவில்லை. கிழவரோ குறுக்கெழுத்துப் போட்டியில் பரிசு விழும் என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டே இருக்கிறார். அவருடைய கனவு அது. மகனுடைய கனவு மானம் குலையாமல் மாதத்தை ஓட்டுவது. தங்கைக்குப் படிப்பு. ஆரதிக்கு மட்டும் தொடக்கத்தில் தனிக் கனவு என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளிடம் அதை எவரும் கேட்டதும் இல்லை.

கணவனே விளம்பரம் பார்த்துத் தரும் வேலையில் அவள் சேர்கிறாள். வீடு வீடாகச் சென்று பின்னல் இயந்திரம் விற்கும் வேலை. முதல் சம்பளம் வாங்கிய அன்று, அலுவலகக் கண்ணாடியின் முன்னே புது நோட்டுகளைக் கையில் ஏந்தி அவள் தன்னையே பார்த்து நிற்கும் காட்சி ஒன்றுண்டு. பேச்சே இல்லை. மாதவி முகர்ஜியின் முகம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

அந்தப் பணத்தைத் தொட மாமனார் மறுக்கிறார். மருமகள் உழைத்த காசு இழுக்கு என்று கருதும் அவர், தம் பழைய மாணாக்கர்களின் படியேறி உதவி கேட்கிறார். பிறரிடம் கையேந்துவது இழுக்காகாது, வீட்டுப் பெண்ணின் உழைப்பை உண்பது இழுக்காகும் என்ற இந்தக் கணக்கு நம் பெரியவர்கள் பலரிடம் இருந்த கணக்குத்தான். எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் பிறருக்குக் கற்பித்தவர் முதுமையில் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது கொடியது.

சுப்ரதோவின் நிலை இன்னும் சிக்கலானது. வேலைக்கு அனுப்பியவனும் அவன். பின்னர் மனம் புழுங்கி, வேலையை விட்டுவிடு என்று வற்புறுத்துபவனும் அவன். அவள் விலகல் கடிதத்துடன் அலுவலகம் செல்லும் நாளில் அவனுடைய வங்கி மூடப்படுகிறது. கடிதத்தைக் கொடுக்காதே என்று தொலைபேசியில் பதறுகிறான். வங்கி முறிவு கற்பனையன்று. அக்காலத்தில் வங்கத்தில் பல சிறு வங்கிகள் நொடித்தன. 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்த பின்னரே வைப்புத்தொகைக் காப்பீடு வகுக்கப்பட்டு, 1962-இல் ஒருவருக்கு 1,500 ரூபாய் என்ற வரம்புடன் நடைமுறைக்கு வந்தது. அவ்வரம்பு 2020-இல் 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. பணம் போட்டவருக்கு இக்காப்பு உண்டு. மேசையில் அமர்ந்து பேரேடு எழுதிய குமாஸ்தாவின் வேலைக்கு எந்தக் காப்பும் இல்லை.

படிவங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நாம் இரண்டு சொற்களை ஓயாமல் சந்திக்கிறோம்: 'குடும்பத் தலைவர்', 'சார்ந்திருப்போர்'. முன்னதன் நேரே ஆண் பெயரும் பின்னதன் நேரே மனைவி பெயரும் எழுதுவது வழக்கமாக இருந்தது. திருமணம் செய்துகொள்ள முன்அனுமதி பெற வேண்டும் என்று அயலுறவுப் பணியில் பெண்களுக்கு மட்டும் இருந்த விதியை, முத்தம்மா வழக்கில் 1979-இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தபோது, பங்கீட்டு அட்டைக்கு, வீட்டில் பதினெட்டு வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரே தலைவர் என்று எழுதப்பட்டது. காகிதம் மாறிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு முதலில் இலை போடப்படுகிறது என்பதைக் காகிதம் கேட்பதில்லை.

படத்தின் முடிவுதான் வெளியூர்வாசிகளாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. ஆரதியின் முதலாளியும் பப்னாக்காரர். ஊர்ப்பாசத்தால் சுப்ரதோவுக்கும் வேலை தேடித் தருவதாகச் சொல்கிறார். அவரே, ஆரதியுடன் பணிபுரியும் எடித் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் நடத்தையை இழித்துப் பேசி வேலையிலிருந்து நீக்குகிறார். எடித்திடம் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள் ஆரதி. அவர் மறுக்கவே, முன்பு கொடுக்காமல் வைத்திருந்த விலகல் கடிதத்தை இப்போது கொடுத்துவிடுகிறாள்.

நம்மவர் நம்மவருக்கு உதவுவது அயலூரில் நமக்குள்ள பெரிய பலம். எத்தனையோ பேர் அவ்வாறுதான் முதல் வேலையைப் பெற்றோம். அந்தப் பலம் நம்மவர் அல்லாத ஒருத்தியின் மேல் விழும் அநீதியைக் கண்டு வாய்மூடி நிற்பதற்குரிய கூலியாக மாறும் இடமும் உண்டு. ஆரதி அந்த இடத்தைக் கண்டுகொண்டாள். வீட்டில் நோயாளிக் கிழவரும் பள்ளிச் சிறுமியும் இருக்க, இருந்த ஒரே வருமானத்தை உதறியது பொறுப்பற்ற செயல் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அவள் சம்பாதிக்கத் தொடங்கியிராவிட்டால், உதறுவதற்கு அவள் கையில் எதுவுமே இருந்திராது.

கணவனும் மனைவியும் வேலையில்லாதவர்களாக மாலை நேரத்துத் தெருவில் நிற்கின்றனர். முதலில் அஞ்சும் சுப்ரதோ பின்னர் அவள் பக்கம் நிற்கிறான். இவ்வளவு பெரிய நகரத்தில் இருவரில் ஒருவருக்காவது வேலை கிடைக்காதா என்று பேசிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுகின்றனர். வீட்டில் காத்திருந்த கிழவருக்கு அன்றிரவு அச்செய்தியை இருவரில் எவர் சொன்னார் என்பதைப் படம் காட்டவில்லை.